உங்கள் கரையில் முதல் டால்பின் விழா: எங்கிருந்து தொடங்குவது?

ஒரு விடியற்காலையில் கரை மேட்டில் இருபது பேர் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கூட்டத்தில் இருந்த ஒரு சிறுமி, "அங்கே கறுப்பா ஏதோ வந்துட்டுப் போச்சு" என்றாள். பெரியவர்கள் யார் கண்ணிலும் படவில்லை. அலையாக இருக்கும் என்றார்கள். அவள் நீட்டிய கையை இறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில், அவள் காட்டிய இடத்துக்குச் சற்று இடப்பக்கமாக, ஒரு முதுகுத் துடுப்பு வளைந்து எழுந்து அமுங்கியது. பின்னால் இன்னும் இரண்டு. காற்று அடங்கியிருந்ததால் அவை மூச்சுவிடும் 'புஃப்' சத்தம்கூடக் கரைக்குக் கேட்டது. அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் அந்தக் கடலோரத்திலேயே பல வருடம் வாழ்ந்தவர்கள். தங்கள் கடலில் டால்பின் இருக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தார்கள்.

அந்த நிமிடத்தை ஊருக்கே கொடுப்பதற்குத்தான் டால்பின் விழா. மேடை, ஊர்வலம், ஓவியப் போட்டி எல்லாம் இருக்கலாம். ஆனால் கரையில் நின்று, தொந்தரவு செய்யாமல், நம் கடலில் வாழும் விலங்கை நாமே பார்த்து எழுதி வைப்பதுதான் விழாவின் முதுகெலும்பு. நீங்கள் முதல் தடவையாக நடத்துகிறீர்கள் என்றால், என் அனுபவத்தில் பலன் தந்த வரிசை இது.

முதல் வேலை: மூன்று மாதம் முன்பே கடலைப் பாருங்கள்

பெரும்பாலானவர்கள் அழைப்பிதழிலிருந்து தொடங்குகிறார்கள். சிறப்பு விருந்தினர் யார், மேடை எங்கே என்றுதான் முதல் கூட்டத்தில் பேச்சு ஓடும். அதையெல்லாம் ஒத்திப்போடுங்கள். உங்கள் கடலில் எந்த டால்பின் இருக்கிறது, எந்த மாதம் வருகிறது, எந்த நேரத்தில் கரையை ஒட்டி வருகிறது என்று தெரியாமல் விழாவுக்குத் தேதி வைத்தால், வந்தவர்கள் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

தேவையானவை ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு பைனாகுலர், கூடவே நாலைந்து பேர். கடல் விரிந்து தெரியும் உயரமான இடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள், ஒரே நேரத்தில், ஒரு மணி நேரம் அங்கே நில்லுங்கள். தேதி, நேரம், காற்று, கடல் ஏற்றமா வற்றமா (தண்ணீர் கரைக்கு ஏறுகிறதா, இறங்குகிறதா), எத்தனை டால்பின், குட்டி உண்டா, எந்தத் திசையில் போயின, என்ன செய்துகொண்டிருந்தன என்று கட்டம் போட்டு எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் விடாதீர்கள். டால்பின் வராத நாளையும் எழுத வேண்டும். "இல்லை" என்று பதிந்த நாட்கள் இருந்தால்தான் "இருந்தது" என்ற நாட்களுக்கு அர்த்தம் வரும். புதிதாக வருபவர்கள் பார்த்த நாளை மட்டும் ஆசையாக எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள். அப்படி எழுதிய நோட்டைப் படித்தால் கடல் முழுக்க தினமும் டால்பின் துள்ளுவது போலத் தோன்றும்.

எந்த இனம் என்று கண்டுபிடிக்க முதுகுத் துடுப்பைப் பாருங்கள். உலகில் டால்பின் இனங்கள் ஏறத்தாழ 40. கொலைத் திமிங்கலம் என்று சொல்கிறோமே, அந்த ஓர்க்காவும் டால்பின் குடும்பம்தான். கரையோரத்தில் பலரும் பார்ப்பது புட்டிமூக்கு டால்பின். அதன் துடுப்பு உயரமாக, அரிவாள் போலப் பின்பக்கம் வளைந்திருக்கும். இந்தியப் பெருங்கடலின் கூன்முதுகு டால்பினுக்கு முதுகில் ஒரு திமில், அதன் மேல் சிறிய துடுப்பு. ஐராவதி டால்பினுக்கு உருண்டைத் தலை, நீண்ட மூக்கு கிடையாது, துடுப்பு குட்டையாக முனை மழுங்கி இருக்கும். துடுப்பே இல்லாமல் வழவழப்பான முதுகு மட்டும் தெரிந்தால், அது டால்பினின் உறவான துடுப்பில்லாக் கடற்பன்றியாக இருக்கலாம். தெரியவில்லை என்றால் "இனம் தெரியவில்லை" என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதுவதைவிட அது நூறு மடங்கு பயன் தரும்.

ஒரு மாதம் போனதும் உங்களை அறியாமலே ஒன்று நடக்கும். துடுப்பின் ஓரத்தில் ஒரு வெட்டு, ஒரு கீறல், நுனி மடிந்த ஒன்று என்று தனித்தனி டால்பினை அடையாளம் காணத் தொடங்குவீர்கள். ஆய்வாளர்கள் செய்வதும் இதைத்தான். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள சரசோட்டா விரிகுடாவில் 1970 முதல் ஒரே டால்பின் கூட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து பார்க்கிறார்கள். காட்டு டால்பின்களைப் பற்றி உலகில் மிக நீண்ட காலமாக நடக்கும் ஆய்வு அதுதான். ஸ்காட்லாந்தின் மோரே கடற்கழியிலும் துடுப்புப் படங்களை வைத்து ஒவ்வொரு விலங்குக்கும் தனிக் கோப்பு இருக்கிறது. நல்ல கேமரா வைத்திருப்பவர் உங்கள் குழுவில் இருந்தால், துடுப்புக்கு நேர்பக்கவாட்டில் கரையிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டும் வேண்டும். தண்ணீருக்கு மேலே துள்ளும் படம் அழகாக இருக்கும், ஆனால் அடையாளம் காண உதவுவது துடுப்பின் பின்னோரம் தெளிவாகத் தெரியும் சாதாரணப் படம்.

இரண்டாவது: கடலுக்குப் போகிறவர்களிடம் போங்கள்

விழாக் குழுவில் முதல் நாளிலிருந்தே மீனவர்கள் இருக்க வேண்டும். கடைசி வாரத்தில் அழைப்பிதழ் கொடுத்து முன்வரிசையில் உட்காரவைப்பது போதாது. நீங்கள் மூன்று மாதம் பார்த்து எழுதியதை அவர்கள் முப்பது வருடமாகப் பார்த்திருக்கிறார்கள். எந்தப் பருவத்தில் குட்டியோடு வரும், எந்த மீனைத் துரத்திக்கொண்டு வரும், எந்த இடத்தில் வலையில் மாட்டும் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். தமிழிலேயே டால்பினுக்கு ஓங்கில், ஓங்கல் என்று கடலோர வழக்கில் பெயர் உண்டு. பேசப் போகும்போது அவர்கள் சொல்லும் பெயரையே நீங்களும் சொல்லுங்கள்.

போன உடனே 'பாதுகாப்பு' என்று ஆரம்பிக்காதீர்கள். டால்பின் வலையைக் கிழிப்பதும் மீனைத் தின்றுவிடுவதும் அவர்களுக்கு நிஜமான நஷ்டம். அதை முதலில் காதுகொடுத்துக் கேளுங்கள். நான் முதல் தடவை போனபோது அரை மணி நேரம் நானே பேசினேன். எதிரில் இருந்த பெரியவர் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டே இருந்தார், நிமிரவே இல்லை. அடுத்த வாரம் போய்ப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றுதான் அவர் வாய் திறந்தார். குட்டி ஒன்று வலையில் மாட்டி இறந்துபோன நாளைப் பற்றிச் சொன்னார். தாய் அந்தப் படகைச் சுற்றிச் சுற்றி வந்ததாம். அவர் சொன்னதை அப்படியே விழாவில் பேச முடியுமா என்று கேட்டேன். பேசினார். அன்றைய நிகழ்ச்சிகளில் ஊர் முழுக்க அசையாமல் கேட்டது அந்தப் பத்து நிமிடத்தைத்தான்.

வலை என்பது சின்ன விஷயம் இல்லை. உலகம் முழுவதும் டால்பின், திமிங்கல இனங்களுக்கு இருக்கும் மிகப் பெரிய ஆபத்து வலையில் தற்செயலாக மாட்டுவதுதான். டால்பினுக்குச் செவுள் இல்லை, நம்மைப் போல நுரையீரலால் மூச்சுவிடும் விலங்கு. வலை பிடித்துக்கொண்டால் மேலே வர முடியாமல் மூச்சு முட்டி இறந்துவிடும். மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் மட்டுமே வாழும் வக்கிட்டா என்ற சிறு கடற்பன்றி, தோத்துவாபா என்ற மீனுக்கு விரிக்கும் செவுள் வலையில் மாட்டி மாட்டியே இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டது. சீனாவின் யாங்சி ஆற்றில் இருந்த பைஜி டால்பினைத் தேடி 2006-இல் ஆறு நெடுக ஆய்வு செய்தார்கள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இதைச் சொல்லும்போது நல்ல பக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிரேசிலின் தெற்கே லகூனா என்ற ஊரில், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மீனவர்களும் டால்பின்களும் சேர்ந்தே மடவை மீன் பிடிக்கிறார்கள். டால்பின்கள் மீன் கூட்டத்தைக் கரைப் பக்கம் தள்ளிவரும். மீனவர்கள் இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நிற்பார்கள். டால்பின் சட்டென்று முங்கிக் குறிப்புக் காட்டியதும் வீச்சு வலையை வீசுவார்கள். கலையும் மீனில் டால்பினுக்கும் பங்கு கிடைத்துவிடும். நியூசிலாந்தின் பேங்க்ஸ் தீபகற்பத்தைச் சுற்றி 1988-இல் செவுள் வலைக்குக் கட்டுப்பாடு வைத்துக் காப்பிடம் அமைத்தார்கள். அங்கே வாழும் ஹெக்டர் டால்பின்கள் பிழைத்திருக்கும் விகிதம் அதற்குப் பிறகு கூடியது என்று ஆய்வில் தெரிந்தது. இந்த இரண்டு கதையும் மீனவர்களிடம் எடுபடும். அவர்கள் தொழிலை ஒதுக்கிவிட்டுப் பேசாத கதைகள் இவை.

நாள், நேரம், அனுமதி

உங்கள் நோட்டில் அதிகம் டால்பின் தெரிந்த மாதத்தைப் பாருங்கள், தேதியை அதிலிருந்து எடுங்கள். பல இடங்களில் ஏற்றம் தொடங்கும் நேரத்தில் மீன் உள்ளே வரும், அதன் பின்னாலேயே டால்பினும் வரும். அதனால் ஏற்ற, வற்ற நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுவான நாள் ஒன்று வேண்டும் என்றால் ஜூன் 8 உலகப் பெருங்கடல் தினம் இருக்கிறது. செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகெங்கும் கடற்கரைத் தூய்மை நாள். ஆனால் உங்கள் கடலில் அந்த மாதம் டால்பின் வராது என்றால், அந்தத் தேதியைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

கடற்கரையில் கூட்டம் கூட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். உள்ளாட்சி, காவல்துறை, வனத்துறை அல்லது வனவிலங்குத் துறை, கடலோரக் காவல், மீன்வளத் துறை இந்த ஐந்து கதவையும் தட்டிவிடுங்கள். எழுத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஆமை முட்டையிடும் கரையா, பறவை கூடு கட்டும் இடமா என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: செய்யக்கூடாதவற்றை முதலிலேயே எழுதி ஒட்டுங்கள்

இதில் நான் பிடிவாதக்காரன். கடல் விலங்குகளுக்காக ஒரு விழா எடுத்துவிட்டு, அதே விழாவால் அவற்றுக்குத் தொல்லை வந்தால் நாம் கூடியதற்கே பொருள் இல்லை.

பலூன் வேண்டாம். மேலே பறந்த பலூன் எங்கோ கடலில்தான் விழும். விழுந்த ரப்பர்த் துண்டும் நூலும் ஆமை வயிற்றுக்குள் போகும். வானத்தில் விடும் விளக்கும் அப்படித்தான். பட்டாசும் ஒலிபெருக்கியும் தண்ணீர் ஓரத்தில் வேண்டாம். டால்பினுக்கு ஒலிதான் கண். சொடுக்குச் சத்தம் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து இரை எங்கே, கல் எங்கே, குட்டி எங்கே என்று அறியும் விலங்கு அது. காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, கடல் தண்ணீரில் சுமார் 1,500 மீட்டர் போகும். ஒலிபெருக்கி கட்டாயம் தேவை என்றால் சின்னதாக ஒன்று, முகம் நிலத்துப் பக்கம் பார்த்து, கரையிலிருந்து தள்ளி வையுங்கள். இரவில் கரைக்கு வெளிச்சம் போடாதீர்கள். ஆமைக் குஞ்சுகள் பொரிந்து வெளியே வந்ததும் வெளிச்சமான பக்கத்தைத்தான் கடல் என்று நினைத்து ஓடும். நம் விளக்கைப் பார்த்து ஊர்ப் பக்கம் ஓடிவரும் குஞ்சு, தண்ணீரைப் பார்க்காமலே காய்ந்து செத்துவிடும்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் தட்டு, தம்ளர், கொடி, தோரணம் எதுவும் வேண்டாம். கடற்கரையில் காற்று எப்படி வீசும் என்று உங்களுக்கே தெரியும். டிரோன் பறக்கவிட்டுப் படம் எடுக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். தாழப் பறந்தால் விலங்கு கலையும், பல நாடுகளில் அதற்குத் தனி விதியும் உண்டு. அனுபவமும் அனுமதியும் இல்லாதவர் கையில் அது வேண்டாம்.

நான்காவது: கரைப் பார்வை

விழாவின் உயிர் இங்கேதான். ஐந்து வயதுப் பிள்ளையிலிருந்து எண்பது வயதுப் பாட்டிவரை யாரும் சேரலாம்.

காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கம் விழும் இடம் நல்லது. எதிர்வெயிலில் தண்ணீர் மினுங்கி ஒன்றுமே தெரியாது. காற்றைப் பாருங்கள். கடலில் வெள்ளை நுரைத் தலைகள் அங்கங்கே எழத் தொடங்கிவிட்டால் துடுப்பைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் விடிந்ததும் தொடங்கும் முதல் சுற்றுதான் பெரும்பாலும் சிறந்த சுற்று.

வந்தவர்களைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் பழகிய ஒருவரைப் போடுங்கள். அரை மணிக்கு மேல் யாரையும் தொடர்ந்து பார்க்கவிடாதீர்கள். கண் சோர்ந்துவிட்டால் பார்த்தும் தெரியாது. புதியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது கொஞ்சம்தான். முதலில் பைனாகுலர் இல்லாமல் வெறும் கண்ணால் முழுக் கடலையும் பார்க்கச் சொல்லுங்கள். பறவைகள் ஒரே இடத்தில் விழுந்து எழுந்துகொண்டிருந்தால் அங்கே மீன் கூட்டம் இருக்கிறது. மீன் இருந்தால் டால்பினும் இருக்கலாம். அப்புறம் பைனாகுலரை எடுத்து இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். ஏழு அல்லது எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கமே பெரிதாகத் தெரியும். அலை உடையும்போது வெள்ளையாகச் சிதறும். துடுப்பு அப்படி இல்லை. கறுப்பாக, பளபளப்பாக எழுந்து, சக்கரம் உருள்வது போல முன்னோக்கிச் சரிந்து மறையும். ஒன்றைப் பார்த்தால் அதே இடத்தையே முறைத்துக்கொண்டிருக்க வேண்டாம், போகும் திசையில் கொஞ்சம் முன்னால் பாருங்கள்.

எண்ணும்போது மூன்று எண் எழுதச் சொல்லுங்கள்: நிச்சயமாக இத்தனை, இருக்கும் என்று நினைப்பது இத்தனை, அதிகபட்சம் இத்தனை. ஒரே நேரத்தில் எல்லாமும் மேலே வராது. ஐந்து துடுப்பு தெரிந்தால் கீழே இன்னும் சில இருக்கக்கூடும்.

குட்டி தெரிந்தால் கூட்டமே சத்தம் போடும். போடட்டும், கரையில் நிற்கிறோம், பரவாயில்லை. தாயின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டே, தாயின் பாதி நீளம்கூட இல்லாமல் வரும். பிறந்து சில வாரமே ஆன குட்டியாக இருந்தால், அதன் உடம்பில் மேலிருந்து கீழாக வெளிறிய கோடுகள் தெரியும். தாயின் வயிற்றுக்குள் மடிந்து கிடந்த தடம் அது. மடித்து வைத்த துணியைப் பிரித்தால் மடிப்பு தெரிவது போல. புட்டிமூக்கு டால்பின் ஏறத்தாழ ஒரு வருடம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். ஒன்றரை, இரண்டு வருடம் அல்லது அதற்கும் மேலாகப் பால் கொடுக்கும். அடுத்த குட்டிக்கு மூன்று வருடத்துக்கும் மேல் ஆகும். வலையில் ஒரு தாய் போனால் என்ன போகிறது என்பதை இந்தக் கணக்கை வைத்துச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குக்கூடப் புரியும்.

இங்கேயே இன்னொன்றும் சொல்லலாம். அடிக்கடி வரும் டால்பின்களுக்குப் பெயர் வைக்கப் பிள்ளைகளிடம் கேட்பது நல்ல நிகழ்ச்சி. துடுப்புப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு மாட்டி, கீழே ஒரு பெட்டி வையுங்கள். பெயரை எடுத்துப் படிக்கும்போது, "இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது" என்று சொல்லுங்கள். புட்டிமூக்கு டால்பின் ஒவ்வொன்றும் சின்ன வயதிலேயே தனக்கென்று ஒரு சீட்டி ஒலியை உண்டாக்கிக்கொள்ளும். கூட்டத்தில் மற்றவை அந்தச் சீட்டியைத் திரும்ப ஒலித்து அதைக் கூப்பிடும். நாம் வைக்கும் பெயர் நம் வசதிக்கு. அதன் பெயர் அதனிடமே இருக்கிறது.

படகு வேண்டுமா?

முதல் வருடம் வேண்டாம் என்பதே என் கருத்து. கரையில் பார்ப்பதை ஊர் பழகட்டும். விழா என்றால் பத்துப் படகு ஒன்றாகக் கிளம்பும், ஒரு கூட்டம் தெரிந்தால் எல்லாப் படகும் அதையே சுற்றும். நிறுத்த முடியாது.

எடுத்தே தீர வேண்டும் என்றால் உங்கள் நாட்டின் விதியை முதலில் படியுங்கள். ஆஸ்திரேலிய வழிகாட்டுதலின்படி டால்பினுக்கு 50 மீட்டருக்குள் படகு போகக் கூடாது. 150 மீட்டர் வட்டத்துக்குள் நுழைந்தாலே அலை எழாத வேகம்தான், அந்த வட்டத்துக்குள் ஒரே நேரத்தில் மூன்று படகுக்கு மேல் இருக்கக் கூடாது. நேர் எதிராகவோ பின்னாலிருந்தோ போகாமல், பக்கவாட்டில் அவை போகும் திசையிலேயே போங்கள். கூட்டத்தின் நடுவில் புகுந்து பிரிக்காதீர்கள். அவையே படகிடம் வந்தால் வேகத்தையும் திசையையும் மாற்றாதீர்கள். கால் மணி, இருபது நிமிடம் போதும், திரும்பிவிடுங்கள். வாலால் தண்ணீரை ஓங்கி அடிப்பது, வெகுநேரம் மூழ்கியே இருப்பது, சட்சட்டென்று திசை மாற்றுவது, ஒன்றோடொன்று நெருக்கமாக ஒட்டிக்கொள்வது இதெல்லாம் 'போதும், போ' என்று சொல்லும் விதம். குட்டி இருந்தால் அந்தக் கூட்டத்தை விட்டு அப்போதே விலகுங்கள். மீன் போடுவது கூடவே கூடாது. அமெரிக்காவில் காட்டு டால்பினுக்கு இரை போடுவது சட்டப்படி குற்றம். மனிதன் கையிலிருந்து தின்னப் பழகிய டால்பின் படகை நம்பி நெருங்கும். விசிறியில் அடிபடும், தூண்டிலில் மாட்டும், குட்டிக்கும் அதையே பழக்கும்.

ஐந்தாவது: மணலில் முழு அளவு

பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். ஓவியப் போட்டி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதைவிட நல்லது ஒன்று இருக்கிறது. ஒரு நீளக் கயிறு, ஒரு அளவு நாடா, சில குச்சிகள் எடுத்துக்கொண்டு வற்றத்தின்போது ஈர மணலுக்குப் போங்கள். முதலில் வக்கிட்டா, ஒன்றரை மீட்டர். ஒரு பிள்ளை படுத்தால் கிட்டத்தட்ட அதே நீளம். அடுத்து புட்டிமூக்கு டால்பின், மூன்று மீட்டர். ஆண் ஓர்க்கா, எட்டு மீட்டர். கடைசியில் நீலத் திமிங்கலம், முப்பது மீட்டர் வரை. மூக்கில் ஒரு பிள்ளையையும் வாலில் ஒரு பிள்ளையையும் நிறுத்தி, ஒருவரை ஒருவர் கூப்பிடச் சொல்லுங்கள். காற்றில் பாதி கேட்காது. "இவ்வளவு பெரிசா?" என்று ஓடிப்போய் வாலிலிருந்து மூக்குவரை காலால் அளந்து பார்ப்பார்கள். ஏற்றம் வந்ததும் கடலே அதை அழித்துவிடும், குப்பையும் இல்லை.

ஊர்வலம் நடத்துவதென்றால் பழைய துணி, மூங்கில், அட்டை இவற்றால் செய்த டால்பின், ஆமை, திருக்கை உருவங்களோடு நடத்துங்கள். பிளாஸ்டிக் மினுமினுப்புத் தூள் மட்டும் வேண்டாம். மிச்சத்தை உங்கள் ஊர்க் கலைஞர்களிடம் விடுங்கள், என்னைவிட அவர்களுக்குத் தெரியும்.

ஆறாவது: கரை ஒதுங்கிய டால்பினுக்கு என்ன செய்வது

இந்த ஒரு நிகழ்ச்சியை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். கரையில் உயிரோடு ஒரு டால்பின் ஒதுங்கினால், நல்ல மனசு உள்ளவர்கள் செய்யும் தவறுகளாலேயே அது செத்துப்போகும். நாலு பேர் வாலைப் பிடித்து இழுத்துக் கடலுக்குள் தள்ளுவார்கள். கைதட்டுவார்கள். அதற்கு மூட்டு விலகியிருக்கும், மீண்டும் கரைக்கே வரும்.

தண்ணீர் நிரப்பிய ரப்பர் டால்பின் கிடைத்தால் நல்லது. மீட்புப் பயிற்சிகளில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கிடைக்காவிட்டால் சாக்கில் மணல் நிரப்பி, துணி சுற்றி, துடுப்பு தைத்து நீங்களே ஒன்று செய்யலாம். ஆள் சேர்ந்ததும் ஒவ்வொருவரையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் தொலைபேசி. யாருக்கு அழைக்க வேண்டும் என்ற எண் விழா நடக்கும் இடத்தில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், அன்று வந்த எல்லோர் கைபேசியிலும் ஏற வேண்டும். பேசும்போது இடம், உயிரோடு இருக்கிறதா, நீளம், காயம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று சொல்லுங்கள். அடுத்து கூட்டத்தையும் நாயையும் தள்ளி நிறுத்துங்கள். சத்தமும் தொடுதலும் அந்த விலங்குக்குப் பெரும் பயம். செல்பி எடுப்பவர்களைத் தடுக்க ஒருவரைத் தனியாகவே நிறுத்துங்கள். டால்பின் பக்கவாட்டில் கிடந்தால் வயிறு கீழே இருக்கும்படி மெதுவாக நிமிர்த்தி, இரண்டு பக்கமும் ஈர மணலையோ மடித்த துணியையோ அண்டை கொடுங்கள். பக்கத் துடுப்புகளுக்குக் கீழே மணலைத் தோண்டிக் குழி போடுங்கள், இல்லையென்றால் உடம்பின் எடை அவற்றை நசுக்கும். வெளிர் நிறத் துணியைக் கடல் தண்ணீரில் நனைத்து உடம்பின் மேல் போட்டு, தொடர்ந்து ஈரமாக வைத்திருங்கள். நிழல் கட்டுங்கள்.

தலையின் உச்சியில் இருக்கும் மூச்சுத்துளையை மட்டும் மூடாதீர்கள், அதில் ஒரு சொட்டுத் தண்ணீரோ மணலோ போக விடாதீர்கள். பயிற்சியில் எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். உற்சாகமாக வாளியைக் கவிழ்ப்பார்கள், தண்ணீர் நேராகத் துளைக்குள் போகும். அதனால் ஒருவரை அந்தத் துளைக்கு மட்டும் காவலாக வைத்து, அவர் சொன்ன பிறகே மற்றவர்கள் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பழக்குங்கள். உங்கள் முகத்தையும் அதற்கு நேராகக் கொண்டுபோகாதீர்கள். அதன் மூச்சிலிருந்து நமக்கும், நம்மிடமிருந்து அதற்கும் நோய் தொற்றலாம். தேர்ந்தவர்கள் வந்து பார்க்கும் முன் கடலுக்குள் தள்ளாதீர்கள். வால், துடுப்பு எதையும் பிடித்து இழுக்காதீர்கள்.

இறந்து ஒதுங்கியிருந்தால் தொடாமல், தள்ளி நின்று படம் எடுத்துத் தகவல் சொல்லுங்கள். புதைத்துவிட அவசரப்பட வேண்டாம். உடம்பில் இருக்கும் வலைத்தடமோ விசிறிக் காயமோ அது எப்படி இறந்தது என்பதைச் சொல்லும்.

ஏழாவது: கரையைச் சுத்தம் செய்யும்போது எண்ணுங்கள்

குப்பை பொறுக்குவது எல்லா விழாவிலும் உண்டு. நீங்கள் கூடவே எண்ணுங்கள். வலைத் துண்டு எத்தனை, கயிறு எத்தனை, புட்டி மூடி எத்தனை, பை எத்தனை என்று தனித்தனிக் கட்டம். 1986-இல் அமெரிக்காவின் டெக்சஸ் கரையில் தொடங்கிய கடற்கரைத் தூய்மைப் பணி இன்று உலகம் முழுக்கப் பரவியிருப்பதற்கு, முதல் நாளிலிருந்தே எண்ணி எழுதியதும் ஒரு காரணம். அறுந்து கடலில் மிதக்கும் பேய் வலை யாரும் இழுக்காமலே மீனையும் ஆமையையும் டால்பினையும் பிடித்துக்கொண்டே இருக்கும். பழைய வலையைக் கரையில் கொண்டுவந்து போட ஒரு நிரந்தர இடம் ஒதுக்கித் தர முடியுமா என்று உள்ளாட்சியிடம் விழா மேடையிலேயே, மீனவர்கள் முன்னால் கேளுங்கள். முடியும் என்றால் தேதியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

விழா முடிந்த மறுவாரம்

கிடைத்த எண்ணிக்கையை ஒரே பக்கத்தில் எழுதி, மீன் இறங்குதுறையில், பள்ளியில், ஊர்ப் பொது இடத்தில் ஒட்டுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் தாமதிக்காதீர்கள், ஆர்வம் ஆறிவிடும். படங்களையும் குறிப்புகளையும் பக்கத்தில் கடல் உயிரின ஆய்வு செய்யும் கல்லூரிக்கோ வனவிலங்குத் துறைக்கோ அனுப்புங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற திறந்த தளத்தில் படத்தை ஏற்றினால், இனத்தை உறுதி செய்ய உலகில் எங்கிருந்தாவது ஒருவர் உதவுவார்.

அப்புறம், அந்த நோட்டு. விழா அன்று உற்சாகத்தில் இருப்பவர்களிடமே, அடுத்த மூன்று மாதத்துக்கு யார் எந்த வாரம் மேட்டில் நிற்பார்கள் என்று பெயர் எழுதி வாங்கிவிடுங்கள். இரண்டு இரண்டு பேராகப் போடுங்கள், ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் இருப்பார். நான் பார்த்த ஒரு விழாவில் முதல் வாரத்துக்குப் பெயர் கொடுத்தது, கையை இறக்காமல் நின்றாளே, அந்தச் சிறுமியும் அவள் தாத்தாவும். விழாவுக்குப் பிறகு நோட்டில் விழுந்த முதல் வரி அவள் கையெழுத்தில் இருக்கிறது: "காலை 6.10 முதல் 7.10 வரை. காற்று அதிகம். டால்பின் இல்லை. அடுத்து புதன்கிழமை."